ஏழு தவறாத மேளம்

மேளம் கற்றுக்கொடுக்கும் ஐயாசாமிக்கு அன்று வந்த கஷ்டம் எந்த வாத்தியாருக்கும் வரக்கூடாது. சீடர்கள் மூவரும் தாளம் தப்பாமல் வாசித்துவிட்டார்கள்!

"தகிட தகதிமி... தகிட தகதிமி..." மூன்றும் நாலும் ஏழு. சுத்தமான ஏழு.

எல்லாம் அவர் வாய் செய்த வேலை. போன மாதம் கான் தெ மாஸ்க் ஊர் அம்மன் கோயிலில் ஊரே கூடியிருந்தபோது, "இவங்களுக்கு ஏழு எண்ண வந்துட்டா நான் தீ மிதிக்கிறேன்! அம்மன் மேல ஆணை!" என்று சவடால் விட்டிருந்தார். எந்தத் தாளத்தில் ஆரம்பித்தாலும் அரை நிமிடத்தில் தீவுக்காரர்களின் சேகா ஆட்டத் தாளத்துக்குப் போய்விடுவார்கள் என்ற தைரியம். சுடுசோற்றையே ஊதி ஊதித் தொடுகிற மனுஷன் அவர். தீமிதிக்கு இன்னும் ஒன்பதே நாள்.

எப்படியாவது கெடுத்துவிட வேண்டும். கையைத் தாறுமாறாகத் தட்டி, "ஒண்ணு, அஞ்சு, மூணு, ஒண்ணு!" என்று கத்திப் பார்த்தார். மாட்டுவண்டி ஓட்டும் ஆல்பெர் உட்பட ஒருவனும் அவரைச் சட்டை செய்யவில்லை.

"என்னைப் பாக்காதீங்கடா! அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க!"

சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். அங்கே அவர் மனைவி பூங்காவனம் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். தாளம் முன்னைவிடக் கச்சிதமாக விழுந்தது.

"நல்லாத்தானே அடிக்கிறாங்க? உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள் அவள்.

"நீ உன் வேலையைப் பாரு!"

"அதைத்தானே செய்யுறேன்."

"ஒருத்தன் அடிக்கிறது ஒருத்தனுக்குக் கேக்கக் கூடாது!" என்று மூவர் காதிலும் பஞ்சை அடைத்தார் ஐயாசாமி. தகிட தகதிமி, தகிட தகதிமி. பாவிகள் இம்மியும் பிசகவில்லை!

அந்த நேரம் பார்த்தா கோயில் தலைவர் வீரசாமி உள்ளே நுழைய வேண்டும்?

"காதை அடைச்சும் தாளம் தப்பலையா! இது அம்மன் அருளய்யா!" மடியிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து, அங்கேயே ஐயாசாமி கையில் தீமிதிக் காப்புக் கட்டிவிட்டார்.

தீமிதி நாள் வந்தது. குழியில் கனல் தகதகத்தது. எதிர்ப்பக்கம் பூங்காவனம் வேப்பிலைக் கொத்தை ஆட்டியபடி நின்றாள். மேளம் முழங்கியது.

"ஐயோ, தாயே!"

'தகிட' என்று மூன்றே தாவல். 'தகதிமி'க்கு வேலையே இல்லாமல், கால் நனைக்க எதிர்முனையில் வெட்டியிருந்த பால்குழியில் போய் விழுந்தார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கால் இரண்டும் பத்திரம் என்று தெரிந்ததும் ஐயாசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாலில் நின்றபடியே மீசையைத் தடவினார்.

"பாத்தீங்களா என் பாடத்தை! கல்லுக்கும் ஏழு எண்ணச் சொல்லிக்குடுப்பேன்!"

மேளத்தைக் கழற்றிய ஆல்பெர் கழுத்தை நீவியபடி பக்கத்தில் வந்தான்.

"மெத்ர், வாத்தியாரே, அடுத்த வருஷமாவது அந்த ஏழு எண்ணுறதைக் கொஞ்சம் விளங்குற மாதிரி சொல்லிக்குடுங்க. ஏழு போடுற அக்கா கையைத் திரும்பித் திரும்பிப் பாத்தே அடிச்சு, எங்க மூணு பேருக்கும் கழுத்து பிடிச்சுக்கிச்சு!"