கார்டை அடித்துவிட்டு உள்ளே போனவள்

ஈசா டவுன், பஹ்ரைன்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் பாலகுரு அவர்களுக்கு,

அக்காள் கணவன் ராமையா எழுதிக்கொள்வது. இங்கே மகள் வீட்டுக்கு வந்திருக்கும் நான், ஜோதிமணி, மருமகன் சரவணகுமார் மூவரும் சுகம். நடுவில் ஒரு வாரம் சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். உன் வீட்டில் போன் அடித்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் உன் அக்காள் நாகவள்ளி அடுத்த தெருவிலிருந்து வந்து சேர்ந்துவிடுகிறாள், அப்புறம் நான் பேச என்ன இருக்கிறது? சரவணகுமாரின் கூட்டாளி ஒருவர் லீவில் ராஜபாளையம் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

மில்லில் முப்பத்தோரு வருடம் டைம் ஆபீசில் இருந்தவன் நான் என்பதை உனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நீ நூற்புப் பகுதியில் இருந்தபோது நாலு நிமிடம் தாமதமாக வந்ததற்காக உனக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டினேன். நீ அந்தத் தீபாவளிக்கு எங்கள் வாசலை மிதிக்கவில்லை, உன் அக்காள் எனக்கு அதிரசம் தரவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், நான் எழுதியது சரிதான். சங்கு ஊதினால் ஊதினதுதான். ஆனால் தாமதம் எழுதிய அதே பேனாவால்தான் ஓவர்டைமும் எழுதினேன். உழைத்தவனுடைய கால் மணி நேரத்தைக்கூட நான் நிர்வாகத்துக்கு விட்டுக்கொடுத்தது கிடையாது. இதை நீ மனதில் வைத்துக்கொண்டால்தான் மேலே சொல்லப்போவது புரியும்.

ஜோதி பார்க்கிற வேலை உனக்குத் தெரியும். நடமாட முடியாத முதியவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்கப் பணத்தில் இங்கே ஒரு திட்டம், அதற்கு ஆள் அனுப்ப ஒரு ஏஜென்சி. ஜோதி போவது உம்மு ஜாசிம் என்கிற அம்மாள் வீட்டுக்கு. உம்மு ஜாசிம் என்றால் ஜாசிமின் தாயார் என்று அர்த்தமாம். பெரியவர்களை இப்படிப் பிள்ளை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். உன் அக்காளும் என்னை முப்பது வருடமாக ‘ஜோதி அப்பா’ என்றுதானே கூப்பிடுகிறாள், அதனால் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு டூட்டி ஏறினால் குளிக்க வைத்து, மருந்து கொடுத்து, நடைவண்டியைப் பிடித்து நடக்க வைத்து, மூன்று மணிக்கு இறங்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வீட்டு வாசலில் நின்று போனில் முகத்தைக் காட்ட வேண்டும். போன் முகத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. நான் முப்பத்தோரு வருடம் செய்த வேலையை உள்ளங்கை அகலத்தில் ஒரு சாமான் செய்கிறது, அதுவும் டீ கேட்காமல். அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்.

ஆனால் மூன்று மணிக்கு இறங்குகிற பெண், பத்து நிமிட நடையில் இருக்கும் வீட்டுக்கு நாலரைக்கு முன்னால் வந்து சேருவதே இல்லை. கேட்டால் “பஸ் லேட்டுப்பா” என்பாள். நடந்து வருகிறவளுக்குப் பஸ் எப்படி லேட்டாகும்? ஒரு நாள் ஈசா டவுனைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் அந்தத் தெருவில் போய் நின்றேன். மூன்று மணிக்கு ஜோதி வெளியே வந்தாள், போனில் முகத்தைக் காட்டினாள், போனைப் பையில் போட்டாள், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விட்டாள். மச்சான், கார்டை அடித்துவிட்டுச் சுவர் ஏறி வெளியே குதித்தவர்களை நான் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். அதில் உன் சித்தப்பா மகனும் ஒருத்தன். கார்டை அடித்துவிட்டு உள்ளே போன ஆளை என் சர்வீசில் பார்த்ததில்லை. எனக்கு அந்த இடத்திலேயே தலை சுற்றியது. வெயிலும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள். “அவங்க தனியா சாப்பிட மாட்டாங்கப்பா. வீட்டுக்காரர் எண்ணெய் ஆலையில ஷிப்ட் முடிஞ்சு மூணு மணிக்கு மேலதான் வருவாராம். கல்யாணமான நாள்லருந்து ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பாடு. ரிட்டயர் ஆன பிறகும் அதே நேரந்தானாம். அவர் போயி ஒரு வருசம் ஆச்சு. இப்பவும் அந்த நேரத்துக்கு முன்னாடி தட்டைத் தொட மாட்டாங்க. நான் எந்திரிச்சா தட்டைத் தள்ளி வச்சிருவாங்க.” மகன் ஜாசிம் வேலை முடிந்து இரவுதான் வருகிறாராம். ஜோதி வருவதற்கு முன்னால் அந்த அம்மாள் எலும்பும் தோலுமாக இருந்தாராம்.

போன பிறகும் புருஷனுடைய ஷிப்ட் நேரத்தைக் காப்பாற்றுகிற மனுஷி என்று கேட்டதும் டைம் ஆபீஸ்காரனான நான் மனதுக்குள் ஒரு சல்யூட் வைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் உடனே கோபமும் வந்தது. “அப்ப அது டூட்டிதானே, அதை ஏன் எழுதல?” என்றேன். “கூட உக்காந்து சாப்பிடுறது எந்த லிஸ்ட்லயும் கிடையாதுப்பா. முன்கூட்டி அனுமதி வாங்காம லேட்டா இறங்கினா ஆபீஸ்ல கேள்வி வரும். இந்த மாசக் கடைசியில என் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். தயவு செஞ்சு சும்மா இருங்க” என்றாள்.

நான் சும்மா இருந்தேனா? உன் அக்காள் இந்த இடத்தில் கையைத் தலையில் வைத்துக்கொள்வாள், நீயும் வைத்துக்கொள். ஜோதி குளிக்கப் போன நேரத்தில் அவள் போனில் சூப்பர்வைசர் நம்பரைப் பார்த்து என் போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். மில்லில் பழகிய இங்கிலீஷில், மேற்படி பணியாளர் தினமும் ஒரு மணி இருபது நிமிடம் கூடுதலாக உழைப்பதாகவும், அதற்குரிய ஓவர்டைமைக் கணக்கிட்டுத் தருமாறும், இப்படிக்கு ஓய்வுபெற்ற டைம் கீப்பர் என்றும் தெளிவாகச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. சூப்பர்வைசர் சப்ரீனா என்கிற பெண், காயல்பட்டினத்துக்காரி. நல்ல தமிழில்தான் பேசினாள்.

“மாமா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா சொல்லிட்டீங்களே, அதான் இப்ப சிக்கல். டூட்டி முடிஞ்ச பிறகு அந்த வீட்டுல இருக்கவே கூடாது. அந்த நேரத்துல பெரியம்மா கீழ விழுந்தா யாரு பொறுப்பு? எனக்குத் தெரியாத வரைக்கும் சரி. இப்ப தெரிஞ்சிபோச்சு. நான் வந்து பாத்து ரிப்போர்ட் எழுதியே ஆகணும். இப்படி நடந்தா வழக்கமா வேற வீட்டுக்கு மாத்திருவாங்க.”

குளித்துவிட்டு வந்த ஜோதியிடம் நானே சொன்னேன். அவள் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஓ.டி. வாங்கித் தரேன்னு என் சீட்டையே கிழிச்சிட்டீங்களே அப்பா. என்னை மாத்தினா நான் இன்னொரு வீட்டுக்குப் போயிருவேன். அவங்க என்ன செய்வாங்க?” அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை. மூன்று வேளையும் தட்டு வரும், தண்ணீர் வரும், பேச்சு மட்டும் வராது. பேசாத பெண் வைத்த சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. சரவணகுமார் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “மாமா, டிவி போடவா?” என்று கேட்டார்.

சப்ரீனா வருகிற நாளில் நானும் கூடப் போனேன். ஜோதி வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, சொல்வதற்குப் பேச வேண்டுமே. மூன்று மணி அடித்தது. சப்ரீனா, “ஜோதி, நீங்க இறங்குங்க. சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்” என்றாள். ஜோதி வாசலில் முகத்தைக் காட்டிவிட்டு வெளியே செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். உம்மு ஜாசிம் தொழுகையை முடித்தார். சப்ரீனா அரபியில் கெஞ்சினாள், கொஞ்சினாள், கரண்டியில் சோற்றை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனாள். அந்த அம்மாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். தட்டு அப்படியே கிடந்தது. மச்சான், மில்லில் வேலைநிறுத்தம் பார்த்த எனக்கே பயமாகிவிட்டது.

அப்புறம்தான் மூலையில் உட்கார்ந்திருந்த என்னை அவர் கவனித்தார். ஜோதியின் தகப்பன் என்று சப்ரீனா சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “அபூ ஜோதி”, அதாவது ஜோதி அப்பா, என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நடுங்கும் கையாலேயே குடுவையைச் சாய்த்துக் காதில்லாத சின்னக் கப்பில் அரபிக் காபி ஊற்றித் தந்தார். ஏலக்காய் வாசனை, சர்க்கரை கிடையாது, நம் கஷாயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. மரியாதைக்குக் குடித்தேன். உடனே இன்னொன்று ஊற்றினார். போதும் என்று தலையை ஆட்டினேன். இன்னொன்று. நன்றாகவே ஆட்டினேன். இன்னொன்று. பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தி, நான் எடுத்ததும் தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாதாம். எனக்குச் சோறு வைத்தார், தனக்கும் வைத்துக்கொண்டார். நான் ஒரு வாய், அவர் ஒரு வாய். நடுநடுவே காபி. என் வயிறு குடம் மாதிரி ஆகிவிட்டது. எழுந்திரிக்கலாம் என்று பார்த்தால் கப் நிறைந்திருக்கிறது, வெளியே ஜோதி கதவு இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விட்டுவிட்டு எப்படி எழுந்திருப்பேன்?

தட்டு காலியான பிறகுதான் சப்ரீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். “மாமா, போதும்னா தலைய ஆட்டக்கூடாது. கப்பத்தான் இப்படி லேசா ஆட்டிக் கொடுக்கணும். ஆட்டாத வரைக்கும் ஊத்திக்கிட்டேதான் இருப்பாங்க.” இதை அவள் முதல் கப்பிலேயே சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, “சொல்லியிருந்தா நீங்க ஆட்டியிருப்பீங்களே” என்றாள். அந்த நேரத்தில் மணியைப் பார்த்தாள், திடுக்கிட்டாள். அவளுடைய டூட்டியே முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நானும் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அவள் எழுதிய ரிப்போர்ட்டில் உடன் அமர்ந்து உண்பதும் இந்த வீட்டில் பராமரிப்புதான், அதற்கு ஒரு மணி நேரம் டூட்டியில் சேர்க்க வேண்டும் என்று போட்டாள். ஜாசிமும் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். மேலே கேட்டு அனுமதி வந்துவிட்டது. இனி நாலு மணிக்குத்தான் ஜோதி இறங்குவாள், அந்த ஒரு மணி நேரமும் முறைப்படி எழுதப்படும். காண்ட்ராக்டும் புதுப்பித்தாயிற்று. அன்றைக்கு இரவு ஜோதி என் தட்டில் அப்பளம் வைத்துவிட்டு, “காபி போடவாப்பா?” என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன், ஆனால் அந்தக் குரலைக் கேட்டதே போதும் என்று இருந்தது.

ஆகையால் மச்சான், உழைத்தவர் தன் நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட யாருக்கும் சும்மா கொடுக்கக் கூடாது என்று நான் அன்று சொன்னதுதான் இன்றும் சரி. டூட்டி முடிந்தால் கிளம்பிவிட வேண்டும். நானும் அப்படியே, குறித்த தேதியில், வரும் வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்து இறங்குகிறேன். உன் அக்காளிடம் மிளகு ரசம் வைக்கச் சொல். உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, நீயும் தினமும் நேரத்துக்குக் கிளம்பி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
ராமையா

பின்குறிப்பு: லீவில் வருகிறவருடைய பயணம் தள்ளிப்போனதால் கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். இதை உம்மு ஜாசிம் வீட்டு சோபாவிலிருந்து எழுதுகிறேன். நான் படித்துப் படித்துச் சொன்னதால் ஜோதி நாலு மணிக்குச் சரியாக முகத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறாள். அந்த அம்மாள் என்னை விடுவதில்லை. இரவு ஜாசிம் வருகிற வரைக்கும் எகிப்துக்காரர்களுடைய சீரியல் பார்க்கிறோம். ஒரு வார்த்தை புரியாது, அவர் அழுகிற இடத்தில் நானும் அழுகிறேன். விசிட் விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று சரவணகுமார் பயப்படுகிறார். நான் என்ன வேலை பார்க்கிறேன், சாப்பிடத்தானே செய்கிறேன்? வெள்ளிக்கிழமை டிக்கெட்டை அடுத்த மாதத்துக்கு மாற்றிவிட்டேன். விமானத்தில் இடம் இல்லை என்று உன் அக்காளிடம் சொல்லிவிடு. கப்பை எப்படி ஆட்ட வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவிடாதே.