பிளாஸ்க் கிளாக்கர் விமானம் ஏறிய கதை

தன் வியாதியை எங்கள் பிளாஸ்க் கிளாக்கரைப் போலக் கொண்டாடியவர் ஈரேழு பதினாலு லோகத்திலும் கிடையாது. இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிளாக்கர், எனக்குப் பக்கத்து மேசை. நீரிழிவு வந்த நாள்முதல் தோளில் சிவப்பு பிளாஸ்க் தொங்கியது. உள்ளே ஐஸ் கட்டி, நடுவில் இன்சுலின் குப்பி. கந்தப்பளைக் குளிருக்கு ஐஸ் எதற்கு என்று கேட்டால் கோபம் வரும்.

ஒருநாள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரை, தேத்தண்ணி என்று நினைத்து பிளாஸ்க்கைக் கோப்பையில் சாய்த்துவிட்டார். குப்பி 'டணார்' என்று விழுந்தது.

"தொரை, குடிச்சிறாதீங்க, அது என் உசுருங்க!" என்று கிளாக்கர் பாய்ந்து கோப்பையைப் பிடுங்கிவிட்டார். அதன்பிறகு துரையே அவரை பிளாஸ்க் என்றுதான் கூப்பிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். துணைக்கு நானும் போனேன். இருவருக்கும் அதுதான் முதல் விமானம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் சோதனை போட்ட அதிகாரி கதவு அகலம் இருந்தார். பையிலிருந்து குப்பிகள், கண்ணாடி சிரிஞ்ச், ஊசிகள், ஸ்பிரிட் போத்தல் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"மே மொகத?" இது என்ன என்று அதட்டினார் அதிகாரி.

"சீனி லெடே, மஹத்தயா. சீனி வருத்தத்துக்கு மருந்து," என்றார் கிளாக்கர்.

அவர் நம்பவில்லை. எல்லாம் பெட்டியோடு விமானத்தின் அடியில் சாமான் அறைக்குக் கீழே போகட்டும் என்றார். கீழே போய்க் குப்பி உடைந்தால், கல்யாண வீட்டில் இவர் மயங்கிக் கிடக்க வேண்டியதுதான்.

"குடுத்துருங்க கிளாக்கரே, வம்பு வேணாம்," என்று அவர் காதைக் கடித்தேன்.

"சும்மா இருங்க. காலை ஊசிக்கு நேரமாச்சு. போட்டே காட்டிருவோம்."

நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கி, வயிற்றைக் கிள்ளிப் பிடித்து ஊசியை ஏற்றினார். பொத்தென்று ஒரு சத்தம். விழுந்தது கிளாக்கர் இல்லை, அதிகாரி!

"அடப் பாவமே, ஊசின்னா பயம் போலிருக்குங்க!" என்றார் கிளாக்கர்.

அதிகாரியின் தலையை மடியில் தூக்கி வைத்து, தண்ணீர் தெளித்தார். கண் விழித்தவருக்கு, சீனி இறங்கினால் தின்னத் தான் வைத்திருந்த குளுக்கோஸில் ஒரு கரண்டி கொடுத்தார். ஊசி போட்டால் சாப்பிட வேண்டுமே. அங்கேயே ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அதிகாரிக்கு நீட்டினார். அந்த மனிதரும் மறுக்காமல் தின்றார். பிறகு எல்லாவற்றையும் தன் கையாலேயே பைக்குள் அடுக்கி, பிளாஸ்க்கைக் கிளாக்கரின் தோளில் மாட்டி, "யன்ன, யன்ன" போங்க போங்க என்று வழி விட்டார்.

விமானத்தில் பணிப்பெண் தட்டு நிறைய டொபி மிட்டாய் கொண்டுவந்தாள். கிளாக்கர் ஒன்றை எடுத்தார். உருட்டிப் பார்த்தார். காகிதத்தைப் பிரித்து மோந்தார். பிறகு என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க தின்னுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. அன்றைக்கு மட்டும், அவர் பார்க்கட்டும் என்று, அதைக் கரைய விட்டுக் கரைய விட்டுத் தின்றேன்.