கிண்டியில் பனி பெய்த கதை

என் மனைவியிடம் நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதை வேளைக்கு ஒன்றாக, ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னேன். (இருமல் மருந்து மாதிரி.) அதையும் என் வாயால் சொல்லவில்லை, என் போன் சொன்னது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மந்தைவெளியில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரு மே மாதம் ஆபீஸ் நண்பன் முரளியோடு இமயமலைப் பக்கம் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குக் கிளம்பினேன். எட்டு நாள் பயணம். அங்கே பாதி ஊர்களில் டவர் கிடையாது. என் மனைவி செல்வி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கயாவது கடையில போன் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசிடுங்க. ரெண்டு நிமிஷம் போதும்."

"அதுக்கென்ன, பேசிட்டா போச்சு" என்றேன்.

சொல்லிவிட்டு யோசித்தேன். இமயமலைக்குப் போய் போன் தேடி அலைவதா? என் சிம் அங்கே எப்படியும் வேலை செய்யாது என்றார்கள். அதனால் அதைப் பழைய போன் ஒன்றில் போட்டு, நேரம் குறித்து மெசேஜ் அனுப்பும் ஆப் ஒன்றை ஏற்றினேன். ஒருநாள் மதியம் முழுக்க உட்கார்ந்து, கற்பனையைக் கொட்டி, இருபத்து நான்கு மெசேஜ் எழுதினேன். போனைச் சத்தம் வராமல் வைப்ரேஷனில் போட்டு, சார்ஜரோடு ஆபீஸ் மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். (இந்த அறிவை வேலையில் காட்டியிருந்தால் இன்றைக்கு நான் மேனேஜர்.)

மூன்றாம் நாள் காலை என் மாமனார் விழுந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை போட்டவர். மேல் தட்டிலிருந்து சேலைக் கட்டு எடுக்க ஏணியில் ஏறியவர், கட்டோடு கீழே வந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் என்றார்கள். மாமியார் அழுகையை நிறுத்தவில்லை. செல்விதான் தனியாக நின்று கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினாள்: "அப்பா விழுந்துட்டார். ஆபரேஷன். பயமா இருக்கு. எப்படியாவது பேசுங்க."

சரியாக ஒரு மணிக்கு என்னிடமிருந்து பதில் போயிற்று.

"சாப்பாடு பிரமாதம்! இவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல. நீயும் இருந்திருக்கலாம்!"

செல்வி உடனே போன் செய்தாள். மணி அடித்தது. டவர் இல்லாத ஊரில் மணி எப்படி அடிக்கும்? மறுபடி அடித்தாள். நான் எடுக்கவில்லை. மாலையில், "இங்கே டவரே இல்ல, கவலைப்படாதே" என்று டவர் இல்லாத ஊரிலிருந்து மெசேஜ் வந்தது.

அவள் தம்பி முருகேசனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். போன் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். மேப்பில் புள்ளி விழுந்தது கிண்டியில்.

"ஆபீஸ்லதான் இருக்காரோ?" என்று அங்கே போன் போட்டார்கள். "சார் லீவுல இமயமலை போயிருக்காரே" என்றார் மேனேஜர். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மாமனார் கண்ணை மூடியபடியே கேட்டாராம்: "ஆபீஸுக்கும் போகாம, வீட்டுக்கும் வராம, கிண்டியில ஒரு ஆம்பளைக்கு வேற என்னல சோலி? ரேஸ்கோர்ஸ்ல போய்ப் பாரு."

மறுநாள் அக்கினி நட்சத்திர வெயிலில் முருகேசன் என் கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸ் வாசலுக்குப் போனான். காவலுக்கு இருந்தவர் போட்டோவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா நைனா, வெயிலுக்குக் குதிரைங்களே ஊட்டிக்குப் பூட்சு. உங்க மாமா மட்டும் இங்க இன்னா பண்ணிகினு இருப்பாரு?"

அந்த நேரம் பார்த்து செல்விக்கு அடுத்த மெசேஜ் வந்தது. "இப்போ பனி பெய்யுது. கை விறைச்சுப்போச்சு."

அவள் விடாமல் என் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆபீஸ் வாட்ச்மேன் ஏழுமலை, மேஜைக்குள் ஏதோ உறுமுகிறது என்று பயந்து, மேனேஜரிடம் மாற்றுச் சாவி வாங்கித் திறந்து, போனை எடுத்தார்.

"சார் இல்லமா. போன் மட்டும்தான் கீது."

செல்வி போன் எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாளாம். பிறகு மேனேஜரிடம் முரளி வீட்டு நம்பரை வாங்கி, அவன் மனைவியைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்: "அவர் தினம் சாயங்காலம் பேசுறாரே! அங்க மளிகைக் கடையில போன் இருக்காம். உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் டீ குடிச்சிட்டு நிப்பாராம்."

உண்மை. முரளி தினமும் அந்த வரிசையில் அரை மணி நேரம் நின்றான். நான் டீ கிளாஸோடு, "ஏன்டா, எட்டு நாள் பொண்டாட்டிகிட்ட பேசாம இருக்க முடியாதா?" என்று அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அன்று அவன் பேசிவிட்டு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"டேய், உன் மாமனாருக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. உன்னைக் கிண்டியில தேடிக்கிட்டு இருக்காங்கடா."

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருவரும் சத்தமாக, சிரித்துச் சிரித்து வீட்டோடு பேசினார்கள். என் முறை வந்தது. "செல்வி" என்றேன்.

"ரெண்டு நிமிஷம்தானே கேட்டேன்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "அப்பா நல்லாயிருக்கார். நீங்க பனியில உடம்பப் பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

பயணத்தைப் பாதியில் முடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை, கிண்டியில குளிர் எப்படி?" என்றார். செல்வியின் கோபம் தணிய ஒரு மழைக்காலம் ஆயிற்று. இப்போது வீட்டில் யார் கதை விட்டாலும் "கிண்டியில பனியா?" என்பதுதான் கேள்வி.

ஆனால் திருநெல்வேலிச் சொந்தங்களுக்குக் கதை பாதிதான் போய்ச் சேர்ந்தது. போன மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையிலிருந்து ஒரு பெரியப்பா காதோரம் குனிந்து கேட்டார்: "மாப்பிள்ளை, அந்தக் குதிரைப் பழக்கத்தை விட்டாச்சா?"

எதிரே செல்வி உட்கார்ந்திருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள்.

அங்கே கடையில் போன் இருந்தது, நான்தான் பேசவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"விட்டாச்சு பெரியப்பா" என்றேன்.