சட்டைப்பையில் வெடித்த சத்து மாத்திரை

வாஷிங் மெஷினைத் திறந்த கடிகாரக்காரர் உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். குழந்தையின் வெள்ளைத் துணிகளிலெல்லாம் மஞ்சள் எண்ணெய்த் திட்டு. நடுவில் அவருடைய சட்டை. அதன் பையில் பிசுபிசுவென்று, வெடித்துப்போன வைட்டமின் ஏ மாத்திரை.

பெண் குழந்தையோடு மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று நர்ஸம்மா அவர் கையில் கொடுத்தது அது. "வீட்டுக்குப் போய் சாப்பிட்டதும் குடுங்க. தாய்ப்பால் வழியா பாப்பாவுக்கும் போகும், கண்ணுக்கு நல்லது. தொலைச்சிடாதீங்க."

"நானா? வாட்ச்சுல இருக்குற கடுகு மாதிரி ஸ்க்ரூவையே தொலைச்சதில்லம்மா," என்று மார்தட்டிய மனிதர்தான்.

மனைவிக்குத் தெரிவதற்குள் சரிக்கட்டிவிடலாம் என்று துணிகளை ப்ளீச்சில் ஊறப்போட்டார். கறை அப்படியே இருந்தது. துணிதான் நைந்து போயிற்று. மருந்துக்கடைக்கு ஓடினார்.

"அவ்வளவு டோஸ் சீட்டு இல்லாம தரமாட்டேன் அண்ணே. அளவு மீறினா ஆபத்து," என்றார் கடைக்காரர். "கேரட், கீரை, முட்டைன்னு சாப்பிடச் சொல்லுங்க."

அன்றிலிருந்து வீட்டில் கேரட் மழை. தட்டைக் கட்டிலருகே வைப்பார்; மனைவி வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவள் முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவோமே என்ற பயம்.

"பாப்பாவைக் கொஞ்சம் தூக்குங்களேன்."

"கடையில ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?"

"எனக்கா? நீ கேரட்டைச் சாப்பிடு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கேரட் அலுத்துவிட்டது போல என்று பூசணிக்காய் வாங்கி வந்தார்.

ஒரு நாள் குழந்தை வெளிச்சத்தில் கண்ணை இடுக்கியது. போச்சு, கண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மனிதர் பதறியடித்துக்கொண்டு நர்ஸம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"வெளிச்சம் பட்டா எந்தக் குழந்தையும் இடுக்கத்தான் செய்யும்," என்று சிரித்தாள் நர்ஸம்மா. "உங்க சம்சாரம் நல்லா சாப்பிட்டாலே போதும். முதல்ல வீட்டுல உண்மையைச் சொல்லுங்க."

திரும்பி வந்தால் வாசலில் மச்சினி, கையில் அக்காவின் துணிமணி திணித்த பை. பின்னால் மனைவி, தோளில் குழந்தை, சிவந்த கண்கள். நின்ற இடத்திலேயே மூச்சு வாங்க அத்தனையும் கொட்டினார்.

மச்சினி பையைக் கீழே வைத்தாள்.

"ஒத்த மாத்திரைக்கா மாமா ஓடி ஒளிஞ்சீங்க? பொண்ணாப் பொறந்துட்டாளேன்னுதான் நீங்க பிள்ளையத் தொடவே மாட்டேங்கிறீங்கன்னு அக்கா இத்தனை நாளும் அழுதுக்கிட்டு இருந்தா."