தீக்குச்சி தர்மனைக் கொன்றது யார்?

இந்தச் சித்திரையில் ஒரு முடிவு எடுத்தேன். ‘தீக்குச்சி தர்மன்’ மாத இதழின் வரலாற்றை எழுதிவிட்டுத்தான் சாவது. நான் எழுதாவிட்டால் அப்படியொரு பத்திரிகை வந்ததே உலகத்துக்குத் தெரியாமல் போய்விடும். உலகம் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அது உலகத்தின் தலையெழுத்து.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மளிகைக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் அச்சடித்தார்கள். தாளெல்லாம் மிளகாய் நெடி. கதையில் தர்மன் துப்பறிவான், படிக்கிறவன் தும்முவான். குற்றவாளியைப் பிடித்ததும் ஒரு தீக்குச்சியைக் கிழித்து அவன் முகத்தைப் பார்ப்பான். தர்மனின் மனைவி மாதந்தவறாமல் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வாயே திறக்கமாட்டாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கைபேசி வந்தது. வாங்க ஆளில்லை. பத்திரிகை நின்றது. கடைசி இதழ் ‘தர்மனைக் கொன்றது யார்?’. அதை மட்டும் நான் படிக்கவே இல்லை. படித்தால் அவன் நிஜமாகவே செத்துவிடுவான் என்று பயம். வரலாற்றின் கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது படிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

அப்போது பார்த்து என் மனைவி சாலம்மாள், ஊர்க் கோயில் நோம்பிக்கு வீட்டை வெள்ளையடிக்க வேண்டும் என்றாள். பழைய காகிதம் கண்ணில் பட்டால் அவளுக்குக் கை அரிக்கும். எங்களுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. பண்ணை மூலையில் உடைந்த முட்டை அட்டைகள் மலையாகக் கிடக்கும். பரணில் இருந்த இதழ்களைச் சாக்கில் கட்டி, அந்த அட்டை மலைக்கு அடியில் ஒளித்தேன். தர்மனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு எழுத உட்கார்ந்தேன். ‘தர்மனின் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை.’ அடுத்த வரி வரவில்லை. வாசலில் சாலம்மாள் நின்றாள்.

“ஏனுங்க, அட்டைக் கம்பெனி டெம்போ வந்திருக்குது. மூலையில கெடக்கறதை ஏத்தலாமுங்களா?”

“ஏத்து.”

“அடியில இருக்கறதையுமுங்களா?”

“அத்தனையும் ஏத்து. என்னைய எழுத உடு.”

டெம்போ சத்தம் தேய்ந்தபிறகுதான் உறைத்தது. உடைந்த அட்டையைக் கம்பெனியில் ஊறவைத்து, கூழாக்கி, புது அட்டை செய்வார்கள். செருப்பில்லாமல் ஓடினேன். புழுதிதான் மிச்சம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நடுரோட்டில் நின்று அழுதேன்.

மறுவாரம் புது அட்டைகள் வந்து இறங்கின. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். மிளகாய் நெடிகூட இல்லை.

சாலம்மாள் காப்பியோடு வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள். சாக்கை நான் தூக்கிப் போனதைப் பார்த்தாளாம். காகிதத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். நேராகக் கேட்டால் நான் விடமாட்டேன். அதனால் நான் எழுத உட்காரும்வரை காத்திருந்தாளாம். பரணில் இருந்த காலத்திலேயே எல்லாவற்றையும் படித்தும் முடித்துவிட்டாளாம். உங்களைக் கேட்காமல் நான் எதைச் செய்தேன் என்றாள். அது உண்மைதான்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தர்மனைக் கொன்றது யார்?

“பொண்டாட்டிதானுங்க. அத்தனை வருசம் கூடவே இருந்தும் அவளை அவனுக்குத் தெரியல, பாவம்.”

“எப்படிக் கொன்னா?”

“காப்பியிலதான்,” என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “குடிங்க, ஆறிப்போயிரும்.”