ஏழுமலையான் முன்னால் வாபஸ் வாங்கிய பேச்சு

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் தயக்கம். திருமலை வரிசையில் நின்றுகொண்டே பொய் சொன்னவன் என்று தெரிந்தால் ஊரில் யார் மதிப்பார்கள்? (வீட்டில் இப்போதே மதிப்பதில்லை, அது வேறு.)

மகள் துளசிக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள, ஆந்திர எல்லையில் இருக்கும் நாகலாபுரத்திலிருந்து குடும்பமாக மலைக்குப் போயிருந்தோம். இலவச தரிசனம். காத்திருக்கும் கூடத்தில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கிய சமயம் அது. பொழுது போகாமல் என் மைத்துனன் கஜேந்திரன் அந்தப் பேச்சை எடுத்தான். எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் ஓட்டுப் போடுவதுதான் சரி, ஜனங்களிடம் விட்டால் அந்தப் பதவிக்கும் மைக் கட்டிக்கொண்டு ஆட்டோ சுற்றும், பிரியாணிப் பொட்டலம் வரும் என்றான்.

நான் பத்தாவது தாண்டாதவன். ஆனாலும் விடவில்லை.

"எங்க தெருவுக்குக் கால்வா கட்டத்தான் எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட்டேன். தலைவரை எடுத்துக் குடுன்னு எப்பப்பா சொன்னேன்? ஜனங்க ஓட்டுப் போடாத தலைவரு எனக்குத் தலைவரே இல்ல."

கூடமே கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

எதிரே இருந்தவர் திரும்பினார். சஃபாரி உடுப்பு, ஒட்ட வெட்டிய முடி, முறுக்கு மீசை. கஜேந்திரன் என் காதோடு, "மாமா, மஃப்டி போலீசு மாதிரி கீறாரு. தேசத்துரோகம்னு புட்ச்சிக்கினு போயிடுவாங்க" என்றான்.

அவர் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து, எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டார். குப்பம் என்றேன். பேர்? கிருஷ்ணப்பா. (என் பேர் அதற்குப் பக்கத்தில்கூட வராது.) பிள்ளைகள்? கிடையாது. அந்த நேரம் பார்த்துத் துளசி, "நைனா, தண்ணி குடிக்கிறியா?" என்று பாட்டிலை நீட்டினாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கதவு திறந்தது. அவர் எங்கள் பின்னாலேயே வந்தார். பெருமாள் முன்னால் நிற்கக் கிடைத்ததோ கண் இமைக்கிற நேரம். மகள் கல்யாணம் மறந்தே போனது. 'நான் பேசினது தப்பு சாமி, இப்ப இருக்கிற முறையே போதும், என்னைக் காப்பாத்து' என்று கும்பிடுவதற்குள் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்த பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. பெற்ற மகளுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கண் கலங்கி நின்றபோது, அவர் மனைவியோடு நேராக என்னிடம் வந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பயப்படாதீங்க" என்றார், எங்கள் பக்கத்துத் தமிழில். "நாயுடுபேட்டையில துணிக்கடை வெச்சிக்கினு கீறேன். என் பையனுக்குப் பொண்ணு பாக்குறோம். கூடத்துலயே நம்ம பொம்பளைங்க ரெண்டு பேரும் பேசிக்கினாங்க, முறையெல்லாம் சரியா வருது. ஆனா உங்களுக்குத்தான் பிள்ளைங்களே இல்லியாமே."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்குப் போலீசே தேவலாம். அவர் விடவில்லை.

"பெரியவங்க நாலு பேரு பேசி முடிச்சிடலாமா, இல்ல உங்க கட்சிப்படி பொண்ணையே கேட்டுடலாமா?"

பயம் இன்னும் தெளியாமல், "இருக்கிற முறையே போதுங்க" என்றேன்.

"நைனா, இதுல என் ஓட்ட நானே போட்டுக்கிறேன்" என்றாள் துளசி.

பையனைப் பார்த்துப் பேசிவிட்டு அவனுக்கே போட்டாள். நான் கேட்க மறந்ததைக் கேட்காமலே கொடுத்தார் பெருமாள். அதை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது.

இப்போதும் குழம்பா ரசமா என்பதற்குக்கூட வீட்டில் ஓட்டெடுப்பு நடக்கிறது. எனக்கு மட்டும் ஓட்டு இல்லை. மாப்பிள்ளையோ இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் மயங்கி விழுந்ததாகச் சேர்த்துக்கொள்கிறார். நீங்கள் நாலு பேருக்குச் சொன்னால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நான் விழவில்லை, உட்கார்ந்தேன்.