ஆடு தின்ற டெல்லி வாசல்

தீப்பெட்டிக்குப் பசை காய்ச்சுவதில் கோவில்பட்டியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் ஆட்டுக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். மாமனாராக வரவிருந்தவர் விளாத்திகுளத்துப் பருத்தி வியாபாரி, ஒருமுறை டெல்லி போய்வந்தவர். (போனது ஒருமுறை, சொன்னது ஆயுசுக்கும்.) அங்கே பழைய பள்ளிவாசல் ஒன்றின் நுழைவாசலைப் பார்த்துச் சொக்கிவிட்டாராம். சுல்தான் காலத்துச் சிவப்புக் கல், இடையிடையே வெள்ளைச் சலவைக்கல், குதிரை லாடம் போல் வளைவு, வளைவோரம் வரிசையாய்த் தாமரை மொட்டு. அதன் படத்தைக் கடையில் மாட்டியிருந்தார். வரவேற்பில் குறை கண்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிற மனிதர் என்றும் பெயர்.

ஆகவே என் அத்தா அதே வாசலை எங்கள் வீட்டு முன்னால் மூங்கிலில் கட்டினார். அதன்மேல் சிவப்பும் வெள்ளையுமாய்த் தாள் ஒட்டுவது என் பொறுப்பு. பசையில் மயில்துத்தம் கலப்பது எங்கள் தொழில் வழக்கம். அந்த விஷத்துக்குப் பூச்சி, எலி அண்டாது. நான் கலக்கவில்லை.

"ஏட்டி, துத்தம் போடாம கிண்டுதியே, எலி கொறிச்சுராதா?" என்றாள் கூட வேலை பார்த்த செல்லத்தாய் அக்கா.

"வெள்ளைத் தாள்ல நீலம் அடிக்கும்க்கா. ஒரு நாளைக்குள்ள எந்த எலி டெல்லிக்கு வரப்போகுது?"

எலி வரவில்லை. நிக்காஹ் அன்று விடியற்காலையில் பிரியாணிக்குக் கிடாய்கள் வந்தன. சமையல்காரர் அவற்றை வாசல் மூங்கிலிலேயே கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மருதாணிக் கையோடு நான் எட்டிப் பார்த்தபோது, ஒரு கிடாய் பின்னங்காலில் நின்று தாமரை மொட்டை மென்றுகொண்டிருந்தது. ஆள் உயரம் வரை வெறும் மூங்கில். அதற்கு மேலே டெல்லி.

திரும்ப ஒட்ட நேரமில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். மாமனார் வாசலை அண்ணாந்து பார்த்தார், பிறகு குனிந்து பார்த்தார். அத்தாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. (அன்று ஒழுங்காக ஒட்டியது அது ஒன்றுதான்.) நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி," என்றார் மாமனார், "அங்கனயும் கீழ்ப்பக்கம் இப்படித்தான் சிதைஞ்சு கெடக்கு. படத்துல தெரியாது, நேர்ல பாத்தவனுக்குத்தான் தெரியும். ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அத்தா அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "நாலு எடத்துல விசாரிச்சுத்தான செஞ்சோம்."

இன்றும் வீட்டில் பிரியாணி என்றால் என் வீட்டுக்காரர் முதல் துண்டை மென்றுவிட்டு, "ஏட்டி, கறியில தாமரை மொட்டு வாசம் அடிக்குதே" என்பார். பேரப்பிள்ளைகள் சிரிக்கும்.

நானும் விடுவதில்லை. "அடிக்கும்லா. பசையில ருசி இல்லாமலா ஆடு டெல்லியவே தின்னுச்சு?"